கட்டிப்போட்ட போட்

உப்புப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற பம்புசெட்டை விற்றுவிட்டு ஸ்பீடு போட் வாங்கி வந்த புருஷனை என்ன செய்யலாம் என்று தெரிந்தால் சொல்லுங்கள். நான் சோறு போட மாட்டேன் என்றுதான் ஆரம்பித்தேன். அவர் நேராகச் சிநேகிதன் சவரிமுத்து வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு திரும்பி வந்தார்.

என் வீட்டுக்காரர் பெயர் கன்னியப்பன். மரக்காணத்தில், கடல் தண்ணீர் ஏறி நிற்கிற கழியோரம் எங்களுக்கு உப்புப் பாத்தி இருக்கிறது. பொங்கல் முடிந்ததும் பாத்தியில் இறங்கி, களிமண்ணை மிதித்து மிதித்துத் தளம் போடுவோம். தளம் தயாரானவுடன் கழித் தண்ணீரை ஏற்றிவிட வேண்டும். ஏற்றாமல் விட்டால் வெயிலில் தளம் வெடிக்கும். வெடித்துவிட்டால் அந்த வருஷ உப்பை மறந்துவிட வேண்டியதுதான். இவ்வளவும் தெரிந்த மனிதர், களிமண் மிதித்த என் கால் வீக்கம்கூட வடியாத நேரத்தில், பம்பை வானூர் பக்கத்து விவசாயி ஒருவரிடம் தள்ளிவிட்டார்.

“வாடகைக்கு ஒரு பம்பு எடுத்து ஏத்திக்கலாம் ஞானா. ஈ.சி.ஆர்ல போற காரெல்லாம் இனிமே நம்ம போட்டுக்குத்தான் நிக்கப் போவுது, பாரு” என்றார்.

வாடகைக்கு யார் கொடுப்பார்கள்? எல்லார் பாத்திக்கும் இப்போதுதான் தண்ணீர் வேண்டும். சோறு வேகும்போது போய் அடுப்பைக் கடன் கேட்டால் என்ன பதில் கிடைக்குமோ, அதுதான் எனக்கும் கிடைத்தது.

போட், பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் கழித்துப்போட்டது. நீல நிறம், பின்னால் பெரிய என்ஜின். ஒரு பட்டனை அமுக்கினால் என்ஜினின் கால், புரொப்பல்லரோடு சேர்ந்து தண்ணீருக்குள் இறங்கும். இன்னொன்றை அமுக்கினால் மேலே எழும்பும். அந்த இரண்டாவது பட்டன்தான் எங்களுக்குப் பிடித்த சனி.

முதல் நாளே சவரிமுத்து சொன்னான். அவன் மீன் பிடிக்கிறவன், சொந்தமாக ஃபைபர் போட் வைத்திருக்கிறான். “அண்ணே, புரொப்பல்லர் முழுசா முழுவி இருந்தாத்தான் தண்ணிய பின்னால தள்ளும், போட்டு முன்னால போவும். நீ தூக்கி வெச்சா பாதி காத்துல சுத்துது. தண்ணிய தள்ளாம வாரி வானத்துல எறியுது. ஷோதான், ஸ்பீடு இல்ல. ரொம்ப தூக்கினா என்ஜினும் சூடாயிடும்.”

“போடா, வலை இழுக்கிறவனுக்கு என்ஜினப் பத்தி இன்னா தெரியும்?”

இவருக்கு மட்டும் என்ன தெரியும் என்கிறீர்களா? உப்பளக்காரர்களுக்கு என்ஜின் என்றால் ஒரே சோதனைதான். புது பம்பு வந்தால் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி ஓடவிடுவோம். பிறகு எல்லோரும் வரப்பில் வரிசையாக நின்று, குழாய்த் தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று பார்ப்போம். தூரமாக விழுந்தால் நல்ல என்ஜின். என் வீட்டுக்காரர் போட்டுக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கினார், ஸ்டார்ட் செய்தார், திரும்பி நின்றுகொண்டு பின்னால் தண்ணீர் எவ்வளவு உயரம் போகிறது என்று பார்த்தார். போட் முன்னால் போகிறதா என்று அவர் பார்க்கவே இல்லை.

சவாரி விடுவதற்குப் பஞ்சாயத்துத் தலைவர் கார்த்திகேசன் சம்மதிக்க வேண்டும். அவர் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் வந்து, கழிக்கும் எங்கள் பாத்திக்கும் நடுவில் இருக்கிற வரப்பில் சேர் போட்டு உட்கார்ந்தார்.

“பாலம் வரைக்கும் போய்ட்டு பத்திரமா வாப்பா, பாக்கலாம்.”

போட் கிளம்பியது. பின்னால் பனை உயரத்துக்குத் தண்ணீர் எழும்பியது. சத்தத்தில் கழியிலிருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டது. கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன பால் ஐஸ்காரர் போட்டை முந்திப் போய், பாலத்தடியில் நிழல் பார்த்து நின்று, அது வந்து சேரும் வரை வேடிக்கை பார்த்தார்.

திரும்பி வந்த என் வீட்டுக்காரர் சும்மா வந்திருக்கலாம். தலைவருக்கு நேர் எதிரே வந்து, போட்டின் பின்பக்கம் கரையைப் பார்க்கிற மாதிரி வளைத்து, பட்டனை இன்னும் கொஞ்சம் அமுக்கி, முழு வேகம் கொடுத்தார். எழுந்த தண்ணீர் அப்படியே தலைவர் மேல் இறங்கியது. எங்கள் கழித் தண்ணீர் சாதாரணத் தண்ணீர் இல்லை. அவர் எழுந்து திட்டி முடிப்பதற்குள் சட்டை காய்ந்து உப்புப் பூத்து, அப்பளம் மாதிரி விறைத்துவிட்டது.

“இது இன்னா போட்டா, தீயணைப்பு வண்டியா? சவாரியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது!” என்று கையை மடக்க முடியாமல் நடந்து போனார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. பம்பும் போச்சு, போட்டும் போச்சு, பாத்தியும் போகப் போகிறது. இவர் போட்டிலேயே உட்கார்ந்து, திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழித்தார். அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பாத்திப் பக்கம் திரும்பினேன்.

தளத்தில் அங்கங்கே மயிரிழை மாதிரி கீறல் விட ஆரம்பித்திருந்தது. ஆனால் தலைவரின் சேருக்குப் பின்னால் ஓரிடத்தில் மட்டும் கீறலைக் காணோம். தலைவரைத் தாண்டி விழுந்த போட் தண்ணீர் அங்கே தேங்கி நின்றது.

“யோவ்!” என்று கத்தினேன். கட்டின நாளிலிருந்து நான் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. “போட்ட அங்கயே நிறுத்து! சவரி, கயிறு எடுத்தா!”

கரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற சவரிமுத்துவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் வரப்பில் முளை அடித்து, போட்டின் பின் மூலைகள் இரண்டையும் கயிற்றில் இறுக்கிக் கட்டினான். பின்பக்கம் எங்கள் வரப்பைப் பார்த்தபடி போட் நின்றது.

“கட்டிப்போட்டு ஓட்டறதுக்கு இது இன்னா மாடா?” என்று இவர் அழாத குறையாகக் கேட்டார்.

“ஓட்ட வேணாம். தூக்குங்க!”

தூக்கினார். போட் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே உறுமியது. தண்ணீர் எழும்பி, வரப்பைத் தாண்டி, சடசடவென்று பாத்தியில் விழுந்தது. நான் உள்ளே இறங்கி நின்றேன். தலையிலிருந்து கால் வரை உப்புத் தண்ணீர். கண் எரிந்தது, வாய் கரித்தது, கணுக்கால் நனைந்தது, கீறல்கள் ஒவ்வொன்றாக மூழ்கின. அவ்வளவு சந்தோஷத்தை நான் அன்றைக்கு எதிர்பார்க்கவே இல்லை.

பெட்ரோல் குடித்தது, பாவி போட். வேடிக்கை பார்க்கிறேன் என்று ஈ.சி.ஆரில் நிஜமாகவே கார்கள் நின்றன.

போட்டிலிருந்து திரும்பிப் பார்க்காமலேயே இவர் கேட்டார். “ஞானா, எங்க விழுது?”

குரலே சரியில்லை. என் பதிலுக்காக முதுகு காத்திருந்தது. நான் விழுகிற இடத்தைப் பார்த்தேன். பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

“நடுப் பாத்தியில விழுதுங்க. நம்ம பம்பு ஒரு நாளும் அவ்ளோ தூரம் போட்டதில்ல.”

முதுகு நிமிர்ந்தது.

“நாளைக்கே வானூர் போயி, அந்தாளு கால்ல விழுந்தாவது பம்ப திருப்பி வாங்கிட்டு வரணும், சொல்லிட்டேன்” என்றேன். “இப்போ இன்னும் கொஞ்சம் தூக்குங்க.”