டவுன் என்றால் விட்டுவிட வேண்டும்

சைலஸ் ஹெப்டனுக்குத் தொடை நடுங்கியது. யார்க்‌ஷயரில் அவன் ரக்பி ஆடிய காலத்தில் எதிராளிகளுக்குத்தான் நடுங்கும். அவனைத் தாண்டி ஓடிப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்தவர்கள் அபூர்வம். அந்தப் புகழ்ச்சியில் மயங்கித்தான் ஆங்கிலேயப் பட்டாளத்திலும் சேர்ந்து தொலைத்தான். இப்போது தென்னாப்பிரிக்காவில், போயர் என்ற டச்சுக் குடியேறிகளோடு நடக்கும் போரில், நேட்டால் குன்றொன்றின் மேல், விடிகாலை மூடுபனியில் தனியாகக் காவல் நிற்கிறான். பின்னால் பாறை மறைவில் அவன் கூட்டாளிகள் தூங்குகிறார்கள்.

"என்னடா ஹெப்டன், பல்லு தந்தியடிக்குது?" சார்ஜென்ட் கிளெட்ஹில் தேநீர்க் குவளையை நீட்டினார்.

"குளிருதுங்க சார்ஜென்ட்."

"குளிராம்! போயர்க்காரன் ஒருத்தன் நம்ம இருக்கிற இடத்தைப் பாத்துட்டுப் போனாலே போதும், எல்லாரும் காலி. ஒருத்தனையும் தாண்ட விட்டுடாத. அதுதானே உன் தொழிலு?"

அவர் பாறைப் பக்கம் நகர்ந்ததும் பனிக்குள் காலடி கேட்டது. கூட்டாளிகள் கிடந்த பக்கமிருந்து ஒருவன் குனிந்து ஓடிவந்தான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பும் போயர் ஒற்றன். சைலஸ் துப்பாக்கியை மறந்தான். பழைய பழக்கத்தில் பாய்ந்து, தொடையைக் கட்டிச் சாய்த்தான். பிடி இரும்பாக இருந்தது.

"டவுன்!" என்று கத்தினான் கீழே கிடந்தவன்.

ஆட்டத்தில் பிடிபட்டவன் அப்படிக் கத்தினால் உடனே விட்டுவிட வேண்டும். சிறு வயதிலிருந்தே ஊறிய வழக்கம். சைலஸின் கைகள் அவனைக் கேட்காமலே விலகின. எங்கே ஆடிப் பழகினானோ பாவி, ஒரு கணம் அவனே திகைத்துப் பார்த்துவிட்டுப் பனிக்குள் மறைந்தான்.

கிளெட்ஹில் ஓடிவந்தார். "என்னடா சத்தம்?"

சொன்னால் எல்லாரும் உடனே இடம் மாறித் தப்பிக்கலாம். ஆனால் சொன்னால் எதிரியை விட்ட துரோகி என்று சுட்டுவிடுவார்கள்.

"கல்லு உருண்டுச்சு, சார்ஜென்ட்."

"நல்லாப் பயந்தே, போ!" என்று சிரித்துவிட்டு அவர் போனார்.

அதன்பின் அசைந்த ஒவ்வொரு புல்லுக்கும் சைலஸ் துப்பாக்கியைத் தூக்கினான். சொல்லிவிடலாம், இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து திறந்து மூடினான். பனி விலகியபோது போயர்கள் ஏற்கெனவே பாறையைச் சூழ்ந்திருந்தார்கள். முதல் குண்டிலேயே கிளெட்ஹில் விழுந்தார். தூக்கம் கலையாமலே சிலர் செத்தார்கள்.

ஓடிய சைலஸைப் பின்னாலிருந்து இரண்டு கைகள் இடுப்போடு கட்டித் தரையில் சாய்த்தன.

"டவுன்!" என்று அலறினான் சைலஸ். "டவுன்! டவுன்!"

அந்தக் கைகள் ஒருநாளும் ரக்பி ஆடியதில்லை. பிடி இறுகியது.