மூட்டைப்பூச்சிக்கு ஏசி மெக்கானிக்

எங்கள் வீட்டில் மூட்டைப்பூச்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மயிலாப்பூரில் முப்பது வருஷமாகச் சுத்தத்துக்குப் பெயர் எடுத்தவள் நான். அதனால் மருந்து அடிக்கும் கோதண்டபாணியிடம், "யாராவது கேட்டா ஏசி மெக்கானிக்னு சொல்லிடுங்கோ" என்று கேட்டுக்கொண்டேன்.

மாதக் கடைசியில் என் பெண் ஹம்சினி பெங்களூரிலிருந்து ஏழு மாதக் குழந்தையோடு பத்து நாள் தங்க வருகிறாள். பிரசவத்துக்கு நான்தான் அங்கே போயிருந்தேன், பேத்தி இந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. ஒரு பூச்சி கண்ணில் பட்டால் போதும், ஹம்சினி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடையாறு மாமியார் வீட்டுக்குப் போய்விடுவாள். அந்தப் பத்து நாளைச் சம்பந்தியம்மாளுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

ஒருமுறை அடித்தும் போகவில்லை. இரண்டாம் தடவை வந்த கோதண்டபாணி படுக்கையறை சுவிட்ச் போர்டைக் கழற்றினார். உள்ளே வெள்ளையாகப் பவுடர்.

"இன்னாம்மா, இது நான் போட்ட பவுடரு!"

"இங்க பவுடரே போடலையே நீங்க?"

"பக்கத்து வூட்ல போட்டேன். செவுத்துக்கு அந்தாண்டயும் இதே எடத்துலதான் பாக்ஸ் கீது." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "அந்தம்மாவும் ஏசின்னுதான் சொல்லச் சொன்னாங்கோ. நீங்க அடிச்சா அந்தாண்ட ஓடுது, அவுங்க அடிச்சா இந்தாண்ட வருது. ரெண்டு வூட்லயும் ஒரே நாள்ல அடிக்கணும். பதினஞ்சு நாள் கழிச்சு இன்னொரு தபா."

பக்கத்து வீட்டு குல்சும் எனக்குப் பன்னிரண்டு வருஷப் பழக்கம். போன வாரம் ஏசி ரிப்பேர் என்று என்னிடமே புலம்பினாள். எத்தனை நெஞ்சழுத்தம்! நானும் அதே பொய்யைச் சொன்னவள்தான் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. விறுவிறுவென்று போய்க் கதவைத் தட்டினேன்.

"குல்சும், எங்காத்துல மூட்டைப்பூச்சி. உங்காத்துலயும்தான். மறைக்காதே."

"மெதுவா பேசுங்க மாமி!" என்று என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். கண் கலங்கியிருந்தது. "தெரிஞ்சா பேத்தியை எங்க வீட்டுப் பக்கமே விடமாட்டீங்கன்னு பயந்துட்டேன். ஏழு மாசமா போட்டோவுலயே பாத்துட்டு இருக்கேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை.

மறுநாளே இரண்டு வீட்டிலும் மருந்து அடித்தோம். மெத்தைகளை மொட்டை மாடி வெயிலில் போட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து யார் கையில் தடிப்பு அதிகம் என்று எண்ணினோம். அவள்தான் ஜெயித்தாள். அத்தனை சிரிப்பு நான் சிரித்து நாளாயிற்று. பதினைந்து நாள் கழித்து மறுபடியும் அடித்தோம்.

ஹம்சினி வந்து ஒரு ராத்திரி தங்கிய மறுநாள் காலையில், கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். ஒரு சிவப்புப் புள்ளி இல்லை. அப்பாடா என்றிருந்தது.

குல்சும் எங்கள் வாசலில் தயங்கி நின்றாள். "இங்கேயே பாத்துட்டுப் போயிடறேன் மாமி."

பேத்தியைத் தூக்கிக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குள் போனேன். அவளுடைய கட்டிலில், மெத்தையின் நடுவில், குழந்தையைப் படுக்கவைத்தேன்.