குறையாத மூலைப் பீப்பாய்

பொறுப்பில் இருக்கும் ஷெரி ஒயின் புளித்து வினிகராகிவிட்டால், ஹெரெஸ் ஊரில் ஒரு கிடங்கு மேஸ்திரிக்கு அதைவிடத் தலைகுனிவு கிடையாது. எவாரிஸ்தோவுக்கு அது நடந்துவிட்டது. முறைப்படி பீப்பாயின் முகத்தில் சாக்கட்டியால் வினிகர்க் குறி போட்டு, முதலாளியிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவரோ மூலையில் இருந்த அந்தப் பீப்பாய்க்குக் கோணியைப் போர்த்தி, முன்னால் உடைந்த பீப்பாய்களை அடுக்கிவிட்டு, விசில் அடித்தபடி வெளியே வந்தார்.

வீணாக்குவானேன் என்று அவ்வப்போது ஒரு புட்டி வீட்டுக்குப் போயிற்று. வருஷம் ஏற ஏற அந்தப் புளிப்புக்குள் மரமும் வால்நட்டும் மணத்தன. மனைவி சலூத் தக்காளிக் குளிர்சூப்பில் அதை விட்டால் தெருவே ஜன்னலில் எட்டிப் பார்த்தது.

ஒரே ஒரு சங்கடம். எடுக்க எடுக்கப் பீப்பாய் குறையவில்லை. குச்சி விட்டுப் பார்த்தார். மட்டம் போன மாதம் நின்ற இடத்திலேயே நின்றது.

"அற்புதம்னு சாமியாருக்குச் சொல்லி அனுப்பட்டுமா?" என்றாள் சலூத்.

"சும்மா இருடி. யாரோ ஊத்துறாங்க. முதலாளி காதுக்குப் போனா என் வேலை போச்சு."

"காட்டிக் கொடுக்கிறவன் எதுக்குய்யா மெனக்கெட்டு நிரப்புறான்?"

அதுதான் அவரைக் குடைந்தது. பயத்தைவிட அதிகமாகவே குடைந்தது. கிடங்கின் ஈர மணல் தரையை மூலைவரை வழித்துச் சமமாக்கி வைத்தார். மறுநாள் பார்த்தால் செருப்புத் தடம், பக்கத்தில் ஒரு வட்டக் குழி. மறுபடி தடம், மறுபடி குழி. கிடங்கில் கைத்தடி ஊன்றி நடப்பவர் ஒருவர்தான். முதலாளி தொன் கிறிசாந்தோ.

ஓடிவிடத்தான் தோன்றியது எவாரிஸ்தோவுக்கு. ஆனாலும் ஊரே மதியத் தூக்கத்தில் இருந்த நேரம், மூடியில்லாத உடைந்த பீப்பாய் ஒன்றுக்குள் புகுந்துகொண்டார். தொப்பை மட்டும் வெளியிலேயே தங்கிவிட்டது.

தடிச் சத்தம் வந்தது. முதலாளி கோணியை விலக்கி, ஒரு புட்டி எடுத்துக்கொண்டு, கொண்டுவந்த ஜாடியைப் பீப்பாய்க்குள் கவிழ்த்தார். வாசனை மிதந்து வந்தது. எவாரிஸ்தோவுக்கு ஒளிந்திருப்பதே மறந்துபோயிற்று.

"ஐயையோ முதலாளி! அதையா ஊத்துறீங்க?"

"யாருய்யா அது? உள்ளே என்ன பண்றே நீ?"

"அது உங்க தாத்தா வச்ச சரக்கு! புளிக்கப் போறதுக்கு இந்த வருஷத்து இளசு பத்தாதா? தாத்தா பீப்பாய் குறையுதே, ஒழுகுதுன்னு நெனச்சு அதைக் கழட்டிக் கழட்டி மாட்டினேனே!"

"எனக்கென்னய்யா தெரியும்?" என்றார் முதலாளி, புட்டியைக் கோட்டுக்குள் மறைத்தபடி. "மோப்பம் பிடிச்சு வந்தேன். கேட்டா, என் கிடங்குல சரக்கு கெட்டுச்சுன்னு நானே ஒத்துக்கணும். கேக்காம விட்டா, காலியாயிடும். அதான் ஊத்தினேன். இது இல்லாம வீட்ல அம்மா சாலட்டைத் தொட மாட்டேங்கிறா."

எவாரிஸ்தோ தவழ்ந்து வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார். "அப்போ... என் வேலை?"

"இனிமே நீ ஊத்து. இளசா பார்த்து ஊத்து. வினிகர் பட்ட கையோட என் நல்ல பீப்பாய் எதையாவது தொட்டே, அன்னைக்குப் போகும் வேலை. இப்போ குறியைப் போடு."

காதில் செருகியிருந்த சாக்கட்டியை எடுத்து, பீப்பாயின் ஓரத்தில், கூச்சத்தோடு, சின்னதாகப் போட்டார் எவாரிஸ்தோ.

முதலாளி தடியால் அதைத் தட்டினார். "எறும்புக்கா போடுறே? நடுவுல போடுய்யா."

எவாரிஸ்தோ சட்டைக்கையால் துடைத்துவிட்டு, நடுவில், கை எட்டும் மட்டும் பெரிதாகப் போட்டார்.