மாரியம்மன் கோயில் குழாயில் பேராசிரியர் பிரேமினி

பிரேமினி பல்கலைக்கழகத்தில் எடுத்த முதல் விரிவுரை, மலையகத்தில் வட்டகொடைக்கு மேலே அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கிக் குழாயில் கேட்டது. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அன்று காலை மின்சுற்றுகள் பற்றி ஒரு மணி நேரம் சொல்லப்பட்டது. கோயில் தலைவர் மாயாண்டி ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். வயர் கையோடு வந்தது, குரல் நிற்கவில்லை. பிறகு யாரும் நிறுத்தப் பார்க்கவில்லை. மழை நாட்களில் தொண்டை கட்டிவிடக் கூடாதென்று குழாய்க்குப் படங்கு போர்த்திவிட்டார்கள். அவள் ஆங்கிலத்தில் பேசியது தமிழாக வந்தது. சிங்களத்தில் பேசியது அப்படியே வந்தது, அது எல்லாருக்கும் தெரியும் என்பதால்.

வருடங்கள் இப்படியே போயின. லயத்து வரிசை வீடுகளில் புருஷன்மாருக்கு "ஒனக்கு மின்தடை ஜாஸ்தி" என்று ஏச்சு விழுந்தது. பிரேமினி கலாநிதியானாள், பேராசிரியரானாள். வகுப்பு முடிந்த கையோடு அம்மா பேச்சியம்மாவின் அழைப்பு வந்துவிடும்: "ஏன்டி, கொறட்டை விட்டானே ஒருத்தன், அவன எழுப்பியிருக்கக் கூடாதா? எங்களுக்குக் கடைசிப் பாடம் வெளங்கவே இல்ல." ஒரே ஒரு நாள்தான் அழைப்பு வரவில்லை. அன்று ஒரு விருந்தில் யாரோ ஊர் எது என்று கேட்க, பிரேமினி "நுவரெலியா பக்கம்" என்றிருந்தாள். பொய்யில்லை. ஆனால் எதை மறைக்க அந்தப் 'பக்கம்' என்பது குழாயில் அதைக் கேட்ட தோட்டம் முழுவதற்கும் விளங்கியது. மறுநாள் அம்மா "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள். ஏச்சு வாங்கியிருந்தால் பிரேமினிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

போன வருடம் கொழும்பில் ஒரு பெரிய நிறுவனம் அவளைத் தொழில்நுட்பத் தலைவராக்கியது. பதவியேற்பு நாளன்று தோட்டத்தில் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்தும் யாரும் மலை ஏறவில்லை. ஏறச் சொல்ல வேண்டிய கண்டாக்கையா அழகனும் குழாயடியில்தான் நின்றார். மேடையில் நிறுவனத்தின் தலைவர் ஊர் எது என்ற அதே கேள்வியைக் கேட்டார். பிரேமினி மைக்கைப் பார்த்தாள். அதற்கு அந்தப்புறம் அம்மா நிற்பது அவளுக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்த நுவரெலியாவை விழுங்கினாள்.

"வட்டகொடை. மேல் டிவிஷன், பத்தாம் நம்பர் லயம். அம்மா கொழுந்து எடுக்கிறாங்க. இப்ப கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

மண்டபம் கைதட்டுமுன் மண்டபத்து ஸ்பீக்கர்கள் கரகரத்தன. அத்தனை வருடம் ஒருவழியாகவே ஓடிய குழாய் அன்றுதான் திரும்பிப் பேசியது, அம்மாவின் குரலில்.

"ஏய் பிரேமி! வீட்டு நம்பரையும் சொல்லுடி! இல்லாட்டி அஞ்சாம் வீட்டு லெட்சுமி எம்புள்ளைன்னு சொல்லிக்கிட்டுத் திரிவா!"

பின்னாலிருந்து லெட்சுமி சொன்ன பதிலும் நன்றாகக் கேட்டது. அச்சில் போடும் தரத்தில் இல்லை.

"ஆறாம் வீடு," என்றாள் பிரேமினி, நிமிர்ந்து.

நிறுவனத் தலைவர் எழுந்து நின்று ஸ்பீக்கரைப் பார்த்து வணக்கம் சொன்னார். இப்போது அந்த நிறுவனத்தின் கூட்டங்கள் பெரட்டு முடிந்த பிறகுதான் தொடங்குகின்றன. கேள்விகள் முதலில் மலையிலிருந்து எடுத்துக்கொள்ளப்படும்.