ஊசி முனையில் ஓர் எண்

ஆல்பனி நகரில் மாநிலச் சட்டமன்றத்தின் மூன்றாம் மாடி நடையில் உட்கார இடமில்லை. துப்பாக்கி ஆலை கொடுத்த, ‘சட்டம் வேண்டாம்’ என்று எழுதிய ஆரஞ்சு பனியன்களோடு தொழிலாளர்கள் சுவரோரம் நின்றார்கள். லோர்னா வ்ரூமன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். பத்தொன்பது வருடமாகக் கைத்துப்பாக்கிக்கு ஊசி கடைகிறவள். விசையை இழுத்தால் தோட்டாவின் பின்புறத்தில் போய் அடிக்கிற ஊசி. அதன் முனையில் கண்ணுக்குத் தெரியாத எண்ணைப் பொறிக்க வேண்டும், சுடும்போது அது காலித் தோட்டாவில் பதிய வேண்டும் என்று சட்டம் வரப்போகிறதாம். வந்தால் ஆலையை மூடிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. எதிர்த்துப் பேசத்தான் சம்பளத்தோடு பஸ் ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

பக்கத்தில் நின்ற பெண் சட்டையில் ஒரு பையனின் படத்தைக் குத்தியிருந்தாள். பெயர் எர்னஸ்டின். பஃபலோ நகரில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் வேலை.

“உங்க மகனா?” என்றாள் லோர்னா.

“ஆமா. பஸ்ஸுக்கு நின்னவனைச் சுட்டுட்டாங்க. காலித் தோட்டா அஞ்சு கெடந்துச்சு. யார் துப்பாக்கின்னு இன்னிக்கு வரைக்கும் போலீசுக்குத் தெரியல.”

லோர்னா பனியன் எழுத்தின்மேல் கையைக் கட்டிக்கொண்டாள். “எங்க பொழப்பும் இதுலதாங்க இருக்கு. எங்க ஊர்ல வேற ஒண்ணும் கெடையாது.”

“ஒரு நம்பர் போட என்னம்மா கஷ்டம்?”

“அரத்தால ஒரு இழுப்பு இழுத்தா அழிஞ்சிடும். ஊசியையே மாத்திடலாம்.”

“கார் நம்பரைக்கூடத்தான் கழட்டிடலாம். அதுக்காக நம்பரே வேண்டாம்னு விட்டுட்டாங்களா?”

லோர்னா அவள் சட்டையிலிருந்த படத்தைப் பார்த்தாள். கூட வந்த டுவேன் சிரித்தான். “என்ன லோர்னா, கட்சி மாறிட்டியா? வீட்டுக்கு நடந்துதான் வரணும், பாத்துக்க.”

கதவைத் திறந்து ஓர் அலுவலர் எட்டிப் பார்த்தார். “மசோதாவை இன்னிக்கு எடுக்கல. எல்லாரும் போகலாம்.”

“அப்ப எப்ப எடுப்பீங்க?” எர்னஸ்டின் முன்னால் போனாள்.

“தெரியாதும்மா.”

“போன வருஷமும் இதேதான் சொன்னீங்க! லீவுக்குச் சண்டை போட்டுட்டு வந்திருக்கேன்யா!”

கதவு மூடிக்கொண்டது. ஆரஞ்சு பனியன்கள் கைதட்டின. லோர்னாவும் தட்டினாள். எர்னஸ்டின் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அந்த வருடம் சட்டம் வரவில்லை. இலை உதிரும் காலத்தில், ஆலை தெற்கே போகிறது என்று அறிவித்தார்கள். அங்கே வரி குறைவு, தொழிற்சங்கமும் இல்லை.

லோர்னா மேற்பார்வையாளர் கேரிட்டியை வழிமறித்தாள். “சட்டம் வந்தாத்தானே மூடுவோம்னீங்க? அதுதான் வரலையே! அங்க போய் நாள் முழுக்க நின்னோமே, எதுக்கு?”

“அது வேற, இது வேற. எனக்கும்தான் வேலை போகுது. என்னை என்ன பண்ணச் சொல்றே?”

இயந்திரங்கள் லாரி ஏறின. விற்பதற்குமுன் தரையைச் சீராக்க நாலைந்து பேர் வேண்டும் என்றார்கள். லோர்னா பெயர் கொடுத்தாள். அவளுடைய இயந்திரம் நின்ற இடத்தில், போல்ட் பிடுங்கிய குழிகள் மட்டும் மிச்சம். மண்டியிட்டுச் சிமென்டை உள்ளே திணித்தாள்.

“குழி இருந்த சுவடே தெரியக்கூடாது” என்றார் கேரிட்டி, மேலே நின்றபடி.

அவள் கரண்டியைத் தட்டையாகச் சாய்த்துப் பிடித்து, தரையோடு தரையாக இழுத்துத் தேய்த்தாள்.