தம்பி பார்க்காத படம்

தீவு ஆஸ்பத்திரியின் நாற்காலியைச் சுற்றி வட்டமாகக் கேமராக்கள். அதில் உட்காருகிறவரை நியூசிலாந்தில், ஆக்லாந்திலிருக்கும் டாக்டரம்மா தன் திரையில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார், எதிரிலேயே உட்கார்ந்திருப்பதைப் போல. இந்தக் கருவி வந்திறங்கிய அன்று தீவே பன்றி சுட்டு விருந்து வைத்தது. இனி வைத்தியத்துக்குக் கப்பலேறி அலைய வேண்டாம் என்று பாதிரியார் ஜெபத்திலேயே நன்றி சொன்னார். இயக்கத் தெரிந்தவன் மட்டும் ஒரே ஒருவன், மனாசே.

கருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒருநாள் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் மனாசேயின் அக்கா செய்னி.

அக்காளின் உடம்பைப் பற்றிய பேச்சு எங்கள் டோங்காத் தீவுகளில் தம்பியின் காதில்கூட விழக் கூடாது. அவள் இருக்கும் அறையில் இவன் படுக்க மாட்டான். அவள் முன்னால் எவனாவது அசிங்கமாகப் பேசினால் கை ஓங்கிவிடுவான். எங்கள் ஊரில் பாசம் என்பதே இப்படித்தான். வழக்கமாகப் பெண்களை நர்ஸ் கலெசிதா கவனித்துக்கொள்வாள். அன்று பார்த்து அவள் பக்கத்துத் தீவுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தாள்.

"இன்னொரு நாள் வச்சுக்கலாமாக்கா?" மனாசே வாசலைப் பார்த்தபடி கேட்டான்.

"பாயைப் பாதி முடைஞ்சு போட்டுட்டு வந்திருக்கேன். வெறும் தோள்வலிதானே? நீ பாட்டுக்குச் சுவரப் பாத்து நில்லு."

மரப்பட்டைத் துணியொன்றைக் குறுக்கே தொங்கவிட்டான். தன் பக்கத்துத் திரையை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றான். காதை என்ன செய்வது?

"வேற எங்கயாவது வலி? கட்டி, கிட்டி?" டாக்டரம்மாவின் குரல்.

"இல்ல டாக்டர். தோள் மட்டும்தான்."

"சால்வையைக் கொஞ்சம் எடுக்கிறீங்களா?"

"குளிருது டாக்டர்."

உச்சிவெயிலில் குளிராம்! மனாசேக்குச் சுருக்கென்றது. வெளியே போய்விடலாமா என்று நினைத்தான். நடுவில் இணைப்பு அறுந்தால் மறுபடி பிடிக்க ஆள் வேண்டுமே என்று நின்றுவிட்டான். செய்னிக்குத் தோள்வலி மாத்திரை கிடைத்தது.

புயல் மாதங்கள் கழிந்து அவளைக் கப்பலில் தலைநகருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மார்பில் கட்டி, எலும்பு வரை பரவிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அங்கே ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

டாக்டரம்மா நொறுங்கிப்போனார். "நான் எதைப் பாக்காம விட்டேன்னு எனக்குத் தெரியணும், மனாசே. அன்னிக்கு உங்க கருவியில பதிவான வீடியோ படத்தை அனுப்புங்க."

அனுப்பும் முன் படம் கெடாமல் இருக்கிறதா என்று திறந்து பார்த்தாக வேண்டும். கலெசிதாவுக்கு அது தெரியாது. மனாசே திறந்தான்.

அக்கா முழு உருவமாக உட்கார்ந்திருந்தாள். பின்னால் தோள், முன்னால் சால்வை, சிரித்த முகம். டாக்டரம்மா தோளையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார். மனாசே படத்தைப் பக்கவாட்டில் திருப்பினான். சால்வைக்குள் அவள் கை இடது மார்பை அழுத்திப் பிடித்திருந்தது. 'இல்ல டாக்டர்' என்று சொல்லும்போது அது இன்னும் இறுகியது. கண்களோ மரப்பட்டைத் துணியின் மேல், அவன் நின்ற பக்கம். மனாசே மேசையில் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதான்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனான். அவள் படுத்திருந்த அறைக்குள் போகாமல் வெளியே சுவரோரமாக நின்றான்.

"யாரு, தம்பியா?" உள்ளிருந்து மெலிந்த குரல் வந்தது. "டாக்டரம்மா படம் கேட்டாங்களாமே?"

"ஆமாக்கா. அனுப்பிட்டேன்."

"நீ பாத்தியா?"



"எனக்கெதுக்குக்கா அதெல்லாம்? நான் பாக்கல."



"நல்ல பிள்ளைடா நீ," என்றாள் செய்னி. வலியிலும் அவள் குரலில் அப்படியொரு நிம்மதி.