கிரெய்லில் ஒரு சனி ஞாயிறு

எடின்பரோவில் தங்கச்சி மகளின் கலியாணம் முடிந்த கையோடு, வெள்ளிக்கிழமையே டொறத்தி சிட்னிக்கு விமானம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. ரிக்கெற்றைத் திங்களுக்கு மாற்றிவிட்டு, சிட்னியில் வென்ட்வேர்த்வில்லில் இருக்கும் தன் வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

"சீற் ஒண்டும் இல்லையாம் மாக்கிறேட். திங்கள்தான் வெளிக்கிடலாம்."

வாய் கூசாமல் வந்த பொய் அது. மாக்கிறேட் அவளுடைய புருஷன் அருமைநாதனின் தங்கை. அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்ததிலிருந்து குளிப்பாட்டுவதும் தூக்கி இருத்துவதும் ராவில் எழும்பித் திருப்பிப் படுக்க வைப்பதும் டொறத்திதான். கலியாணத்துக்குப் போகட்டும் என்று மாக்கிறேட் வேலைக்கு லீவு போட்டு, பிள்ளைகளைக் குவேக்கர்ஸ் ஹில்லில் புருஷனோடு விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"பரவாயில்லை மச்சாள். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாள் மாக்கிறேட்.

சனிக்கிழமை தங்கச்சியிடம் மட்டும் சொல்லிவிட்டு டொறத்தி பஸ் ஏறினாள். கிரெய்ல், கடலோரத்தில் ஒரு கைப்பிடி ஊர். சிவப்பு ஓட்டு வீடுகளுக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் தெரு, கீழே சின்னத் துறைமுகம். அங்கே ஒரு மரக் கொட்டிலில் நண்டை அவித்து உடைத்துக் கொடுத்தார்கள். மதிலில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தின்றாள். காற்று குளிர்ந்தது; அவள் எழும்பவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பின்னேரம் முழுக்க அப்படியே போயிற்று.

ஞாயிறு காலை வாடகை அறையில் கண் விழித்தபோது நல்ல வெயில். 'ஐயோ, இவருக்குத் தேத்தண்ணி' என்று பதறி எழும்பினாள். பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று விளங்கியது. மறுபடி படுத்துச் சிரித்தாள். சிரித்ததும் நெஞ்சு சுருக்கென்றது. இறங்கிப் போய்த் தெருமுனை ரெலிபோன் பெட்டியிலிருந்து வீட்டுக்கு எடுத்தாள்.

"எங்க நிக்கிறீங்கள் மச்சாள்?" மாக்கிறேட்டின் குரல் அடைத்திருந்தது. "அண்ணன் நேற்று பாத்ரூமில விழுந்திட்டார். கை முறிஞ்சு போச்சு. என்னால தனியத் தூக்க ஏலாமல் அம்புலன்ஸ்தான் வந்து தூக்கினது. உங்கட தங்கச்சி வீட்டுக்கு எடுத்தா, அக்கா கடலடிக்குப் போயிட்டா எண்டு சொல்லுறா."

பெட்டிக்கு வெளியே கடற்பறவைகள் கத்தின. அந்தச் சத்தம் மாக்கிறேட்டுக்கும் கேட்டிருக்கும்.

"ஓம். சும்மா... சும்மாதான் வந்தனான்."



"சரி. பத்திரமா வாங்கோ" என்று மாக்கிறேட் போனை வைத்தாள்.

செவ்வாய் இரவு கொட்டும் மழையில் வீடு வந்து சேர்ந்தாள். மாக்கிறேட் பையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"மாக்கிறேட், என்னை மன்னிச்சுக் கொள்ளும்."

"ரெண்டு நாள் ஆறுதலா இருந்திட்டு வாறன் எண்டு சொல்லியிருந்தா, நான் வேண்டாமெண்டோ சொல்லியிருப்பன்?"

அவ்வளவுதான். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் காரை எடுத்துக்கொண்டு போனாள். ஏசியிருந்தால் நல்லது போலிருந்தது டொறத்திக்கு.

அருமைநாதன் கதிரையில் இருந்தார். ஒரு கை ஏற்கெனவே வழங்காது; வழங்குகிற மற்றக் கையில் இப்போது முறிவுக்குப் போட்ட மாக்கட்டு. டொறத்தி சோற்றைக் குழைத்து ஊட்டினாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, இழுபட்ட நாக்கால் மெல்லக் கேட்டார்:

"கடல்... நல்லா இருந்ததோ?"

இல்லை, குளிர், ஒன்றும் நல்லாயில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். மாக்கட்டைப் பார்த்தாள். இந்த மனுஷனுக்கு இன்னொரு பொய் சொல்ல முடியாது.

"ஓம்" என்றாள். "நல்லா இருந்தது."

அவர் தலையாட்டினார். அதில் கோபமில்லை. டொறத்தி குனிந்து அடுத்த பிடியைக் குழைத்தாள்.  திரும்ப ஒருக்கால் வாய்ப்புக் கிடைத்தாலும் இப்படியே போவாள் என்று அவளுக்குத் தெரியும். கை முறிந்ததைவிட அதுதான் அவளை அறுத்தது.